வாய் கோணிப்போகும் என்று சொன்னார்கள்

ரஜிதா கோர்னட் என்ற பித்தளைக் குழலை உதட்டில் வைத்து ஊதினாள். சத்தம் வரவில்லை. இடது வாயோரத்தால் காற்று புஸ்ஸென்று வெளியேறியது, கூடவே கொஞ்சம் எச்சிலும் தெறித்தது. டீச்சர் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். மறுபடியும் அதே புஸ். இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதல் கோர்னட் வாசிக்கும் நஸ்மியா மெல்லச் சொன்னாள்: "டீச்சர், ஒங்கட ஒரு கண்ணு மூடுதில்ல."

காலையில் தேநீர் குடித்தபோதே வாயோரத்தால் வழிந்து சேலையில் சொட்டியிருந்தது. "இன்னும் தூக்கம் கலையலயா?" என்று கணவன் விஜேந்திரன் கேலி செய்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இப்போது இசை அறையின் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். முகத்தின் இடது பாதி அவளுடையதாகத் தெரியவில்லை. புருவம் இறங்கி, கன்னம் தொங்கி, வாய் வலப்பக்கமாக இழுபட்டுக் கிடந்தது.

பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த முனவ்வரா ஓடி வந்தாள். இருவரும் ஒரே வருடம் இந்தப் பாடசாலைக்கு வந்த சிநேகிதிகள். த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ரஜிதா கைக்குட்டையால் வாயை மூடியபடி இருந்தாள். பாரிசவாதம் என்ற சொல் இருவர் மனதிலும் இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். புருவத்தை உயர்த்தச் சொன்னார், கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார், கையைக் காலைத் தூக்கச் சொன்னார். பிறகு சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். பாரிசவாதம் இல்லை, முகவாதம். முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கியிருக்கிறது. மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில், இல்லாவிட்டால் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

ரஜிதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊத முடியுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. முனவ்வரா விரல்களை வாய்க்கு முன்னால் வைத்து ட்ரம்பட் ஊதிக் காட்டினாள். "இப்ப வேணாம். முதல்ல முகம் சரியா வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

ரஜிதா ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடத்து பாண்ட் வாத்தியத்தில் பேஸ் ட்ரம் சுமக்க உயரமான ஆள் வேண்டும் என்று அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். அவள் மேளத்தை நெஞ்சில் சுமந்தபடி நடந்தாள், காதெல்லாம் பின்னால் வந்த கோர்னட்டில் இருந்தது. அதை ஊதிய பையன் சாதாரண தரப் பரீட்சை முடிந்து போய்விட, அவள் போய்க் கேட்டாள். வேறு யாரும் கேட்காததால் கொடுத்தார்கள். அந்தக் கோர்னட்தான் அவளைக் கல்வியியற் கல்லூரிக்குக் கொண்டுபோய் மேலைத்தேய சங்கீத ஆசிரியையாக்கி, மாத்தளை நகரத்து இந்த மகளிர் கல்லூரியில் நியமனமும் வாங்கிக் கொடுத்தது.

அவள் வந்தபோது அங்கே பாண்ட் இருக்கவில்லை. ஸ்டோர் அறையில், உடைந்த மேசைகளுக்கு அடியில், நசுங்கிய கோர்னட்டுகள் சில கிடந்தன. கார் ரேடியேட்டர் ஒட்டும் ரவூப் நானாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். "இது தண்ணி போற குழாய் இல்லையே, மகள்" என்று அவர் தயங்கினார். "காத்துப் போற குழாய் நானா, ஒழுகாம இருந்தா போதும்" என்றாள். அவர் ஒட்டிக் கொடுத்தவற்றை வைத்துத்தான் தொடங்கினாள்.

தொடக்கத்திலிருந்தே தாய்மார் ஒரு பயத்தோடு வருவார்கள். பொம்பளைப் பிள்ளை பித்தளைக் குழல் ஊதினால் வாய் கோணிப்போகும், பிறகு யார் கட்டுவார்கள்? ரஜிதா பதில் சொல்ல மாட்டாள். கோர்னட்டை எடுத்து ஒரு பாட்டை ஊதி முடித்து, முகம் நிறையச் சிரித்து, "எங்க, எனக்குக் கோணியிருக்கா?" என்று கேட்பாள். தாய்மாரும் சிரித்துவிடுவார்கள். வருடக்கணக்காக அந்தச் சிரிப்பை நம்பித்தான் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது அந்தச் சிரிப்பே போய்விட்டது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. பாண்ட் டீச்சருக்கு வாய் கோணிப்போச்சாம், ஊதி ஊதித்தான் அப்படியாம். ஒரு பிள்ளைக்கு டியூஷன் வந்தது, ஒரு பிள்ளைக்குக் குர்ஆன் ஓதல் வகுப்பு வந்தது, இன்னொன்றுக்குக் காய்ச்சல். அந்தக் கிழமை முடிவதற்குள் கோர்னட் வரிசை ஏறத்தாழக் காலியாகிவிட்டது. மாவட்டப் பாண்ட் போட்டிக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. பாடசாலை அதிபர் போனில் கூப்பிட்டார். "ரஜிதா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. இந்த வருஷம் போட்டிய விட்டுடுவோம். ட்ரம் புள்ளைகள வச்சு ஸ்போர்ட்ஸ் மீட்ட சமாளிச்சுக்கலாம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ரஜிதா "சரி மிஸ்" என்றாள். போனை வைத்த பிறகு அழுதாள். மூடாத கண்ணிலிருந்து எப்போதும் நீர் வழிந்துகொண்டிருந்ததால் அழுகிறாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அலுவிகாரையில் அவர்களுடைய வீடு. விஜேந்திரன் ஹார்ட்வெயார் கடையில் வேலை முடிந்து வந்து, சோற்றைக் குழைய வடித்து, அவளுக்குப் பக்கத்தில் உட்காருவான். அவள் ஒரு பக்கத்தால் மட்டும் மென்று சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பான். ஒருநாள் சொன்னான்: "நீ ஊதாம இருந்தா வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்னு நெனச்சிருக்கேன். இப்ப பாரு, எனக்குத்தான் காது அடைச்ச மாதிரி இருக்கு."

மறுநாள் பின்னேரம் முனவ்வரா வந்தாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். "நஸ்மியாவும் நிண்டுட்டா. அவட உம்மா கைறுன்னிஸா வந்து கோர்னட்ட ஒஃபிஸ்ல குடுத்திட்டுப் போய்ட்டாங்க. நல்லாத் தொடச்சு, துணியில சுத்தி, பொலித்தீன் பையில போட்டு."

ரஜிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபம் நல்லதாகப் போயிற்று, நாள்கணக்காகப் படுத்துக் கிடந்தவளை அதுதான் எழுப்பியது. "அம்மாமாரக் கூப்பிடச் சொல்லுங்க, முனவ்வரா. நான் வர்றேன்."

"இப்பிடியேவா?"

"வேற எப்படி வர்றது?"

ஆனாலும் கூட்டத்துக்கு அவள் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போனாள். இசை அறை நிறையத் தாய்மார் இருந்தார்கள். ரஜிதா பேசத் தொடங்கினாள். உதடு சேராததால் 'ப' என்று சொல்லப்போனால் 'ஃப' என்று வந்தது. கவசத்துக்குள் அது இன்னும் குழறியது. பின்னால் இருந்த ஒரு தாய், "கேக்குதில்லங்க டீச்சர்" என்றாள். வேறு வழியில்லாமல் ரஜிதா கவசத்தைக் கழற்றினாள். யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கைறுன்னிஸா மட்டும் நேராகப் பார்த்தாள். அலுவிகாரையில் வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைக்கிறவள், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், நான் ஒங்கள நோகடிக்க வரல்ல. என்ட மகள் நாலு பேருக்கு முன்னால நிமிந்து நிக்கிறாண்டா அது ஒங்களால. ஆனா நான் தாய். நாளைக்கு அவளுக்கு இப்பிடி வந்தா நான் யாரப் போய்க் கேக்கிற?"

"இது ஊதினதால வந்ததில்ல. டாக்டரே சொன்னாங்க."

"டாக்டர் ஒங்களுக்குத்தானே சொன்னாங்க. எங்களுக்குச் சொல்லல்லயே."

அவள் சொல்வது நியாயம் என்றுதான் ரஜிதாவுக்குப் பட்டது. உடனே சொன்னாள்: "செவ்வாக்கிழமை எனக்கு கிளினிக். நீங்களும் வாங்க. நீங்களே கேளுங்க."

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைறுன்னிஸா சவாலை ஏற்றுக்கொண்டவள் மாதிரி, "வாறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு வெளியே, நீளமான வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். கால் முறிந்தவர்கள், தோள் தூக்க முடியாதவர்கள் என்று வாங்கு நிறைய ஆட்கள். கைறுன்னிஸா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுவரோரம் இருந்த இளைஞன் ஒருவனின் வாயும் ரஜிதாவுடையதைப் போலவே இழுபட்டிருந்தது. உடனே எழுந்து அவனிடம் போனாள்.

"தம்பி, நீங்க கோர்னட் ஊதுறீங்களா?"

"அது என்னங்க அது?"

"பித்தளைக் குழல். வாயால ஊதுற."

"ஐயோ, நான் நாவுல ஊருக்குப் பஸ் ஓட்டுறேங்க. ஹோர்ன்தான் அடிப்பேன், அதுவும் கையால."

கொஞ்சம் தள்ளி, முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு ஒரு தோட்டத்துப் பெண் இருந்தாள். பெயர் வேலம்மா. கைறுன்னிஸா அவளையும் விடவில்லை.

"நீங்க என்னத்தயும் ஊதுவீங்களா?"

வேலம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். "நான் கொழுந்து எடுக்குறேன்மா. அடுப்புகூட ஊதுறதில்ல, இப்பல்லாம் கேஸுதான்."

பஸ் ஓட்டுகிறவன் சிரித்துவிட்டான். சிரித்தபோது அவன் வாய் இன்னும் கோணியது. அதைப் பார்த்து வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அவள் வாயும் கோணியது. ரஜிதாவுக்கும் அடக்க முடியவில்லை. முகவாதம் வந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் நின்ற கைறுன்னிஸாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உள்ளே பயிற்சி கொடுத்தவரிடமும் அவள் நேரே கேட்டாள். ஊதுவதால் இது வராது என்று அவர் சொன்னார். பிறகு ரஜிதாவைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, கன்னத்தில் காற்றைப் பிடித்து வைக்கச் சொன்னார். ரஜிதா முயன்றாள். காற்று நிற்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். விளையாட்டுப் போட்டியன்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி ஊதிய பெண், ஒரு வாய்க் காற்றை வைத்திருக்க முடியாமல் நெற்றி வியர்க்க உட்கார்ந்திருப்பதைக் கைறுன்னிஸா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் நிலையத்தில், பஸ் ஏறப்போகும் நேரத்தில் கைறுன்னிஸா கேட்டாள்: "டீச்சர், அந்தக் கோர்னட் இன்னும் ஒஃபிஸ்லயா ஈக்கு?"

மறுநாள் நஸ்மியா வந்தாள். அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்தார்கள். கைறுன்னிஸா தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் நாவுல பஸ்காரனின் கதையும் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு பிள்ளைகள் மட்டும் கடைசிவரை வரவில்லை. ரஜிதா அவர்களைக் குறை சொல்லவில்லை. கோர்னட் வரிசை நிறைந்ததைப் பார்த்த அதிபரும், போட்டிக்குப் போகலாம் என்றார்.

ஆனால் பிள்ளைகள் வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இத்தனை வருடமும் அவள் பாடம் நடத்திய விதம் ஒன்றே ஒன்றுதான்: நான் ஊதுகிறேன், நீங்களும் அப்படியே ஊதுங்கள். இப்போது கோர்னட் இல்லாமல் வெறுங்கையோடு முன்னால் நின்றாள். பிள்ளைகள் அவள் கையைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டிக்கு ஓர் அணிநடை இசையும், மெதுவான மெட்டு ஒன்றும் வாசிக்க வேண்டும். அந்த மெதுவான மெட்டை அவளே எழுதியிருந்தாள். அதில் முதல் கோர்னட் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் நஸ்மியா நிறுத்தினாள்.

"சத்தம் கீறுது. எப்பிடி டீச்சர் ஊதுற?"

ஊதிக் காட்டினால் ஒரு நொடி வேலை. சொல்லிக் காட்ட ரஜிதாவிடம் சொல் இல்லை. தொண்டைக்குள் முனகிப் பார்த்தாள், கையால் காற்றில் வரைந்து பார்த்தாள். கடைசியில் சொன்னாள்: "நீ சூடான பிளேன்டீய ஊதி ஆத்துற மாதிரி ஊதுற. அப்படி வேணாம். குளிர் நேரத்துல கண்ணாடிக்கு முன்னால வாயத் திறந்து ஹா-ன்னு மூச்சு விட்டா புகை படியுமே, அந்த மாதிரி விடு. கண்ணாடி நனையணும்."

நஸ்மியா கொஞ்சம் யோசித்துவிட்டு ஊதினாள். கீறல் போயிருந்தது. ஆனால் அது ரஜிதாவின் சத்தம் இல்லை. ரஜிதாவுடையது பளீரென்று முன்னால் வந்து விழும். இது கனிந்து, அடங்கி, கொஞ்சம் தயங்கி வந்தது. திருத்த வேண்டும் என்று கையைத் தூக்கியவள், அப்படியே இறக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் கேட்கத் தொடங்கினாள். தன் கோர்னட் சத்தம் தன் காதுக்குப் பக்கத்திலேயே முழங்கியதால் இத்தனை காலம் கேட்காமல் போனவையெல்லாம் இப்போது கேட்டன. இரண்டாம் வரிசை ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு முந்திக்கொண்டு வந்தது. ஓரத்தில் யூபோனியம் என்ற பெரிய அடிநாதக் குழலை வாசித்த பிள்ளையிடம் அவ்வளவு நல்ல தொனி இருந்தது, ஒருவரும் அதைக் கவனித்ததே இல்லை. ரஜிதா வரிசைகளை மாற்றினாள், யூபோனியத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள். முனவ்வரா இசை அறையின் கடைசியில் உட்கார்ந்து கேட்டாள். "எனக்கு சுருதி கிருதி ஒண்டும் வெளங்காது. ஆனா அந்த மெதுவான மெட்டு வரக்குள்ள கொப்பி திருத்த ஏலாமப் போகுது" என்றாள். ரஜிதாவுக்கு அது போதுமாக இருந்தது.

போட்டி மாத்தளை நகரிலேயே, ஒரு மண்டபத்தில் நடந்தது. ரஜிதாவின் இமை இப்போது ஓரளவு மூடியது, வாய் மட்டும் இன்னும் இழுபட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் நின்றபோது பையிலிருந்த முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மண்டபம் நிறையச் சனம். நடத்துகிறவளின் முதுகைத்தான் சனம் பார்க்கும் என்றாலும் மேடை ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் தெரியுமே.

மேடையில் ஏறி, பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினாள். அப்போதுதான் கவனித்தாள். முதல் வரிசைப் பிள்ளைகளின் கண்கள் தடுமாறின. ஒத்திகையில் அவள் வாயைத் திறந்து மூச்சை இழுப்பாள், அவர்களும் அவளோடு இழுப்பார்கள், அந்த ஒரே மூச்சில்தான் பாட்டுத் தொடங்கும். கவசத்துக்குள் அந்த மூச்சு தெரியவில்லை. ரஜிதா உயர்த்திய கையை இறக்கினாள். கவசத்தைக் கழற்றிச் சேலை இடுப்பில் செருகினாள். மறுபடி கையை உயர்த்தி, கோணல் வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள்.

அணிநடை நேர்த்தியாகப் போனது. மெதுவான மெட்டில் நஸ்மியா தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு சுரம் உடைந்தது. அவள் நிற்கவில்லை. யூபோனியம் கீழிருந்து தாங்கிக்கொள்ள, அடுத்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். ரஜிதாவுக்கு அந்த உடைந்த இடம்கூடப் பிடித்திருந்தது. கடைசிச் சுரம் ஓய்ந்தபோது மண்டபம் கைதட்டியது.

இனித் திரும்பிச் சபைக்குத் தலை வணங்க வேண்டும். ரஜிதா திரும்பாமல் நின்றாள். பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே முகம் காட்டப் பயந்து நிற்பது நான் மட்டும்தானே என்று நினைத்தாள். திரும்பினாள். சிரிப்பு பாதிதான் வந்தது. வந்தது போதும் என்று அதையே கொடுத்தாள். நடுவரிசையில் கைறுன்னிஸா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இருந்த தாய்மாரையும் எழுப்பிவிட்டிருந்தாள்.

இரண்டாமிடம் கிடைத்தது. கல்லூரி அதுவரை எட்டாத இடம். நடுவர்களில் ஒருவர் வெளியே வந்து சொன்னார்: "ஒவ்வொரு வருஷமும் உங்க முதல் கோர்னட் மட்டும்தான் கேக்கும். இந்த வருஷம் எல்லாரும் கேட்டாங்க."

தைப்பொங்கல் வந்தபோது ரஜிதாவின் இடது புருவம் உயர்ந்தது. பிறகு கன்னத்தில் காற்று நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கோர்னட்டை எடுத்தாள். கீழ்ச் சுரங்கள் வந்தன, மேலே ஏறியதும் காற்று ஒழுக, நிறுத்தினாள். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த விஜேந்திரனும் கையை நிறுத்தினான். "ஏன் நிப்பாட்டிட்ட? ஊது" என்றான்.

மேல்சுரங்கள் முழுதாகத் திரும்புமா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. சில நாட்களில் நடத்தும் கோலை நஸ்மியாவிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் சிறு பிள்ளைகளோடு நின்று கீழ்ச் சுரங்களை வாசிக்கிறாள். பாண்டுக்குள்ளே நின்று பாண்டைக் கேட்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

போட்டியன்று மண்டபத்தில் இருந்த நாவுலப் பாடசாலை அதிபர் ஒருவர், தங்கள் பிள்ளைகளுக்கும் தொடங்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். இப்போது சனிக்கிழமைகளில் ரஜிதா பஸ் ஏறி அங்கே போகிறாள். முதல் நாள் கோர்னட்டுகளை எடுத்துச் செல்லவில்லை, ஊதும் முனைகளை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். நெல்லும் மரக்கறியும் செய்கிறவர்களின் பிள்ளைகள், பித்தளைத் துண்டை முதன்முறையாகக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நீண்ட நேரம் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு ஜன்னலோரம் இருந்த சிறுமி ஒருத்தியிடமிருந்து எருமைக் கன்று கத்திய மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவளே பயந்து முனையைக் கீழே போட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. அடுத்த நிமிடம் எல்லாருக்கும் அதே சத்தம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

"டீச்சர், மாத்தளை பஸ் வருது!" என்று வாசலில் நின்ற ஆசிரியை கூப்பிட்டார்.

ரஜிதா திரும்பிப் பார்த்தாள். "போகட்டும் மிஸ்" என்றாள். "அடுத்தது எப்ப வரும்?"